வெயிலில் ஓடிய வைப்பர்

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று நான் மூன்று முறை சொன்னேன். முதல் முறை சொன்னபோது அக்கா சிரித்தாள். இரண்டாம் முறை ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் முறை போனிலேயே அழுதுவிட்டாள். வண்டி நன்றாக இருக்கிறது என்பதற்கு யாராவது அழுவார்களா என்றால், எங்கள் வீட்டில் அழுவார்கள். வண்டி நன்றாக இருந்தால் அத்தான் நன்றாக இல்லை என்று அர்த்தம்.

நான் கார்களுக்கு மின்சார வேலை பார்க்கிறவன். எஞ்சின், கியர் பக்கமெல்லாம் போவதில்லை. வயர், விளக்கு, பேட்டரி, மோட்டார் மட்டும். இருபத்தாறு வருடமாகிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் என் பத்திரங்களில் பத்திரமாக இருக்கிறது, மற்றபடி எல்லோருக்கும் நான் 'கரண்ட்'. வேலையில் வேகம் என்பதால் வந்த பெயர் என்று நான் சொல்லிக்கொள்வேன். கிட்டே போனாலே தூக்கியடிப்பான், அதனால் வந்த பெயர் என்று அக்கா சொல்வாள். அவள் சொல்வதற்குத்தான் சாட்சிகள் அதிகம்.

அத்தான், அதாவது அக்கா புருஷன், ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற உடம்பு, ஆனால் பேச்சு மட்டும் பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல மெல்ல வரும். நான் முப்பது வருடமாக அவரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் ஒருமுறைகூடத் திரும்ப விழுந்ததில்லை. அவருடைய வண்டிக்குப் பத்தொன்பது வயது. பின்பக்கக் கதவு மேல்நோக்கித் திறக்கும் சின்னக் கார், பின்கண்ணாடியிலும் ஒரு வைப்பர் இருக்கும். அந்த வைப்பரில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

பிரேக் மிதித்தால் பின்கண்ணாடி வைப்பர் தானாக ஓடுகிறது என்றார் அத்தான். மழை இல்லை, சுவிட்சைத் தொடவில்லை, பிரேக்கை மிதித்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் தன் இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறது. அதே நேரத்தில் பெட்ரோல் முள்ளும் விழுந்து சைபரைத் தொட்டுவிட்டு எழுந்து வருகிறது. எப்போதும் இல்லை, சில சமயம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, அவர் சொன்னபோதெல்லாம் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அவள் கழுத்தைத் திருப்புவதற்குள் வைப்பர் படுத்திருக்கும், முள் எழுந்திருக்கும்.

முதல் முறை நான் வண்டியை வாங்கி ஊரைச் சுற்றினேன். போன இடமெல்லாம் பிரேக் மிதித்தேன்; வைப்பர் அசையவில்லை. இரண்டாம் முறை மூன்று நாள் பட்டறையிலேயே வைத்திருந்து, ஃபியூஸ் பெட்டியிலிருந்து பின்விளக்கு வரைக்கும் மீட்டர் வைத்து அளந்தேன். மூன்றாம் முறை பின்கதவின் அட்டையைக் கழற்றி வைப்பர் மோட்டாரையே வெளியே எடுத்துப் பார்த்தேன், சுவிட்சைப் புதிதாக மாற்றினேன், எர்த் வயர்கள் பாடியில் சேரும் இடங்களையெல்லாம் சுரண்டிப் பளபளப்பாக்கினேன். பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஓட்டினேன். அது பாட்டுக்கு நல்ல பிள்ளையாக ஓடியது.

அத்தானின் அப்பா கடைசி நாலு வருடம் எப்படி இருந்தார் என்று சொன்னால்தான் அக்காவின் அழுகை புரியும். குளியலறையில் யாரோ நிற்கிறார்கள் என்று ஆரம்பித்தது. பிறகு சுவரில் தண்ணீர் ஓடுகிறது என்றார். முடிவில், சோறு ஊட்டிவிடும் சொந்த மகனைப் பார்த்து, "சார், நீங்க யாரு, ரொம்ப நல்லவரா இருக்கீங்க" என்று கேட்டார். அத்தான் வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி ஊட்டினார். நான் பார்த்திருக்கிறேன். அதனால் அத்தான், இல்லாத மழைக்கு வைப்பர் ஓடுகிறது என்று சொன்னபோது எங்கள் மூன்று பேருக்கும் அவருடைய அப்பாவின் ஞாபகம்தான் வந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் மனிதன் தும்மினாலும் அது சாட்சிதான். அத்தான் ஒரு நாள் பால் அடுப்பில் இருப்பதை மறந்தார். தன் மகளைக் கூப்பிடும்போது அக்காவின் பெயரைச் சொல்லிவிட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடினார். இதெல்லாம் நான் தினமும் செய்கிற காரியம், என்னை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. அக்கா மட்டும் அவருடைய ஒவ்வொரு மறதியையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்தாள். வண்டிச் சாவியை எடுத்துத் தன் பீரோவில் வைத்துக்கொண்டாள். ஓட்ட வேண்டிய இடத்துக்கு அவள் ஓட்டினாள், இல்லாவிட்டால் நான் ஓட்டினேன். அத்தான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவியை எடுத்ததைவிட, அவர் கேட்காததுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. திங்கட்கிழமை காலையில் மூளை நரம்பு டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டாள்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை. வண்டி என் பட்டறையில் நின்றது. கழற்றிய அட்டையை மாட்டிவிட்டு, டாக்டரிடம் போவதற்கு வண்டி சுத்தமாக இருக்கட்டுமே என்று டேஷ்போர்டு பெட்டியைத் துடைத்தேன். உள்ளே ஒரு சின்ன நோட்டு இருந்தது. முதல் முறை வண்டியை விட்டுப் போகும்போதே அத்தான் இதை என்னிடம் நீட்டினார். "நோட்டைப் பார்த்து வேலை செய்யறவன் நான் இல்ல" என்று நான் எரிந்து விழுந்தேன். அவர் பேசாமல் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கும் நல்ல எண்ணத்தில் ஒன்றும் அதைத் திறக்கவில்லை. எங்கேயாவது முன்னுக்குப் பின் முரணாக எழுதியிருப்பார், அதை டாக்டரிடம் காட்டலாம் என்றுதான் திறந்தேன். அதை இப்போது சொல்லவே கூசுகிறது.

பக்கம் முழுக்கக் கட்டம் போட்டிருந்தார். தேதி, நேரம், எந்தச் சாலை, வெயிலா மழையா, எவ்வளவு வேகம், ஓட்டியது யார், என்ன நடந்தது. மொத்தம் முப்பத்து நான்கு வரி. ஒரு வார்த்தை அடித்துத் திருத்தப்படவில்லை. 'என்ன நடந்தது' என்ற கட்டத்தில், நடந்த அன்றைக்கு நடந்தது, நடக்காத அன்றைக்கு 'ஒன்றுமில்லை'. தனக்குப் பாதகமானதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். வண்டி திரும்பி வந்தபோதெல்லாம், நான் ஓட்டிய நாட்களையும் என்னிடம் கேட்டு எழுதியிருந்தார். 'ஓட்டியது: மச்சான். ஒன்றுமில்லை.' 'ஓட்டியது: அவள். ஒன்றுமில்லை.' வைப்பர் ஓடிய பதினெட்டு வரியிலும் 'ஓட்டியது யார்' என்ற கட்டத்தில் ஒரே சொல்தான் இருந்தது: 'நான்.'

புத்தி தடுமாறுகிற மனிதன் இப்படிக் கட்டம் போட மாட்டான் என்பதல்ல எனக்குத் தோன்றியது. அத்தானின் அப்பாவும் கடைசி வரைக்கும் அழகாகத்தான் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தோன்றியது வேறு. முன்பு என் பட்டறைக்கு வந்த ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மாவின் கார் அவர் ஓட்டினால் மட்டும் நடுரோட்டில் நிற்கும், அவர் தம்பி ஓட்டினால் நிற்காது. நான் என்ன செய்தேன்? அந்த அம்மாவையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருடைய சாவிக்கொத்தில் பதினேழு சாவிகள் தொங்கின. அந்தக் கனம் ஆடி ஆடி இக்னிஷன் சுவிட்சை இழுத்தது. தம்பியிடம் இருந்தது ஒற்றைச் சாவி. அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம்: யார் ஓட்டினால் கோளாறு வருகிறதோ அவரை வண்டியோடு சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும். முன்பின் தெரியாத டீச்சரம்மாவுக்கு நான் செய்தது இது.

அத்தானுக்கு மட்டும் செய்யவில்லை. இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட அவரை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்காரவில்லை. பாவம், அவரைச் சிரமப்படுத்தக் கூடாது, ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சாவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டோம். பாசத்தில் இப்படியும் ஒரு மடத்தனம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

போன் செய்து அத்தானை வரச் சொன்னேன். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைப்போல அவர் சத்தமில்லாமல் வந்து நின்றார். சாவியை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே ஓட்டு மச்சான்."

நான் ஓட்டியது போதும், நீங்கள் ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். அவர் வெயில் அதிகம் என்றார். அக்கா திட்டுவாள் என்றார். கண்ணாடியை எடுத்து வரவில்லை என்றார். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே, வந்துவிட்டது. நாலு மாதமாக வைப்பர் ஓடுகிறது ஓடுகிறது என்று உயிரை எடுத்துவிட்டு இப்போது வந்து பார்க்கிறேன் என்றால் பின்வாங்குவானேன் என்று சத்தம் போட்டேன்.

அத்தான் பட்டறைத் தரையைப் பார்த்தபடி பேசினார். குரல் வழக்கத்தைவிட மெல்ல வந்தது.

"நான் ஓட்டி, நீயும் பக்கத்துல இருந்து, எனக்கு மட்டும் அது ஓடறது தெரிஞ்சு, உனக்குத் தெரியலேன்னா? இப்ப வரைக்கும் அது வண்டியாவும் இருக்கலாம், நானாவும் இருக்கலாம். அதுக்கப்புறம் நான் மட்டும்தானே."

இந்த மனிதர் ஏன் சாவியைக் கேட்கவில்லை என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அவர் தப்பிக்க ஒரே ஒரு வழியை மிச்சம் வைத்துக்கொண்டு அதைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவர் கையைப் பிரித்து அதில் சாவியை வைத்தேன். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை. நாங்கள் அப்படியெல்லாம் தொட்டுப் பேசுகிறவர்கள் இல்லை.

அத்தான் வண்டியில் ஏறியதும் முதலில் சீட்டைப் பின்னால் தள்ளினார். நான் ஓட்டும்போது சீட் ஸ்டீயரிங்கை முத்தமிட்டுக்கொண்டு இருக்கும். எனக்கும் அக்காவுக்கும் கடவுள் கால் அளந்து கொடுத்தபோது துணி பற்றாக்குறை. அத்தானுக்குச் சீட் கடைசி வரைக்கும் போக வேண்டும். கடகடவென்று போய் டக்கென்று நின்றது. அதை நான் காதால் கேட்டேனே தவிர மூளையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துச் சீட்டில் நான் திரும்பி உட்கார்ந்து, கால் மரத்துப் போக, பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். மருந்துக்கடை முனையில் பிரேக். ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிரேக். ஒன்றுமில்லை. அத்தானின் காதோரம் வியர்வை இறங்கியது. பாலத்து இறக்கத்தில் குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது, அவர் அழுத்தி மிதித்தார். அந்தப் பெரிய உடம்பு சீட்டில் பின்னுக்குச் சாய்ந்தது. பளிச்சென்ற வெயிலில், காய்ந்த பின்கண்ணாடியில், வைப்பர் கரகரவென்று எழுந்து ஓர் அரைவட்டம் போட்டுத் திரும்பியது.

அத்தானும் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அதைப் பார்த்திருந்தார், அது எனக்குத் தெரிந்தது. ஆனால் நேரே சாலையைப் பார்த்தபடி, தாடையை இறுக்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல ஓட்டினார். இத்தனை நாள் எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, இனிமேல் சொல்வதில்லை என்று கற்றுக்கொண்டிருக்கிறார்.

"அத்தான், வைப்பர் ஓடுச்சு" என்றேன் நான்.

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இண்டிகேட்டரைப் போட்டு, கியரை எடுத்து, கைப்பிரேக்கை இழுத்து, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்றேன். ஒரு முறை மேலே போய்க் கீழே வந்தது என்றேன். முள்ளைக்கூடப் பார்த்தேன், விழுந்து எழுந்தது என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டேன். முள்ளை நான் பார்க்கவில்லை, அவர் சொன்னால் விழுந்துதான் இருக்கும். அத்தான் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகு மட்டும் ஏறி இறங்கியது. ஹாரன் இரண்டு தரம் அடித்தது, அது கோளாறு இல்லை, அவர் நெற்றி பட்டது. நடைபாதையில் போன ஒருவர் எங்களை முறைத்தார். நான் அவரைத் திருப்பி முறைத்தேன்.

அங்கேயே சீட்டைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். கை துறுதுறுத்தது. ஆனால் நான் அதைச் சரிசெய்துவிட்டால் அக்கா எதைப் பார்ப்பாள்? என் வாயால் சொன்னால், தம்பி தன் மனதைத் தேற்றச் சொல்கிறான் என்றுதான் நினைப்பாள். எதையும் தொடாமல், சீட்டை ஓர் அங்குலம்கூட நகர்த்தாமல், அத்தானையே வீட்டுக்கு ஓட்டச் சொன்னேன்.

அக்கா டாக்டருக்கான காகிதங்களைச் சாப்பாட்டு மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் அத்தான் ஓட்டுகிற இடத்திலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. என்னைத்தான் முதலில் பிடித்தாள். உனக்கு அறிவிருக்கிறதா, அவரிடம் வண்டியைக் கொடுத்தாயே, யார் மேலாவது ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு பாட்டம் தீர்த்தாள். நான் ஒன்றும் விளக்கவில்லை. வண்டியில் ஏறு, பின்சீட்டில் ஏறு, பின்பக்கம் பார்த்து உட்கார் என்றேன். ஐம்பத்தெட்டு வயதில் என்னைக் குரங்கு வித்தை காட்டச் சொல்கிறாயா என்றாள். அத்தான் மெல்ல, "வாயேன், ஒரு ரவுண்டு" என்றார். அதற்கு மட்டும் ஏறினாள்.

பின்சீட்டில் மண்டியிட்டு, சீட்டின் முதுகைக் கையால் கட்டிக்கொண்டு, பின்கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஸ்கூட்டரில் வந்த இரண்டு குழந்தைகள் அவளுக்குக் கை காட்டினார்கள். அவள் அந்த நிலைமையிலும் திருப்பிக் கை காட்டினாள். அத்தான், நான் சொல்லாமலேயே, அதே பாலத்து இறக்கத்துக்கு வண்டியைக் கொண்டுபோனார். பின்னால் வண்டி ஏதும் இல்லாத நேரம் பார்த்து அழுத்தி மிதித்தார்.

அவள் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வைப்பர் எழுந்தது.

அக்கா கத்தவில்லை, அழவில்லை. பிறகு திரும்பாமலேயே சொன்னாள்.

"இன்னொரு தடவை மிதிங்க."

அவர் மிதித்தார். அது ஓடியது. இன்னொரு தடவை என்றாள். ஓடியது. அடுத்த தடவை ஓடவில்லை, அவள் விடவில்லை. ஓடும்வரை மிதிக்கச் சொன்னாள். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஓடினால் ரப்பரும் போகும், கண்ணாடியும் கீறும். வேறு யாராக இருந்தாலும் வண்டியை விட்டு இறக்கிவிட்டிருப்பேன். பாலத்து இறக்கத்தை நாங்கள் நாலு தரம் சுற்றி வந்து இறங்கினோம். நாலாவது தரம் அக்கா முன்பக்கம் திரும்பி, சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டி, அத்தானின் பின்கழுத்தில் வைத்தாள். திங்கட்கிழமை எங்கேயும் போக வேண்டாம் என்றாள். பார்க்கலாம் என்றார் அவர். பட்டறை போய்ச் சேரும்வரை, வியர்த்திருந்த அந்தக் கழுத்திலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.

பட்டறையில் நாலு போல்ட்டைக் கழற்றி ஓட்டுநர் சீட்டை வெளியே எடுத்துத் தரையில் வைத்தேன். அத்தான் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். முழங்கால் இரண்டும் காதருகே வந்தன. நான் தரை விரிப்பைத் தூக்கினேன். வண்டியின் பின்பக்கத்துக்குப் போகிற வயர்கள் எல்லாம் ஒரே கட்டாக அந்தச் சீட்டுக்கு அடியில்தான் போகின்றன. சீட்டைக் கடைசி வரை தள்ளினால் அதன் பின்கால் அந்தக் கட்டின் மேல் ஏறிக்கொள்ளும். ஏறிக்கொண்டு, கனமான ஆள் பிரேக்கை மிதித்துப் பின்னுக்கு உந்தினால், அழுத்தி நசுக்கும். நசுங்கிய இடத்தில் பிரேக் விளக்கு வயரும் வைப்பர் வயரும் பெட்ரோல் முள்ளின் வயரும் தோலுரிந்து செம்பு தெரியக் கிடந்தன. பிரேக் மிதித்தால் அந்த வயரில் கரண்ட் வரும், ஒட்டியிருக்கும் மற்ற இரண்டிலும் அது ஏறும். குள்ளர்கள் ஓட்டினால் சீட் முன்னால் இருக்கும், ஒன்றும் ஆகாது. அவ்வளவுதான். எழுபது கிலோவுக்குக் கீழே இருக்கிற எவனும் இன்னும் நூறு வருடம் ஓட்டினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

சரி, வயர்க் கட்டு ஏன் சீட்டின் காலுக்கு அடியில் வந்தது? அதைப் பாடியோடு பிடித்து வைக்க ஒரு கிளிப் இருக்கும், அது அங்கே இல்லை. கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. சுற்றி முடித்த இடத்தில் டேப் பிரியாமல் இருக்க நூலால் இரட்டை முடிச்சு.

டேப்புக்கு மேல் நூலால் முடிச்சுப் போடுகிறவன் இந்த ஊரில் ஒருவன்தான். கரண்ட் வேலை காலத்துக்கும் நிற்கும் என்று அந்த முடிச்சைக் காட்டித்தான் நான் பெருமை அடித்துக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் வண்டிக்குள் தண்ணீர் புகுந்தது. விரிப்பைக் காயவைக்க நான்தான் சீட்டுகளைக் கழற்றினேன். திரும்ப மாட்டும்போது அந்தக் கிளிப் பழசாகிப்போய் என் கையில் உடைந்தது. புதுக் கிளிப் வாங்க இரண்டு தெரு நடக்க வேண்டும். நம்ம அத்தான் வண்டிதானே, டேப் போதும் என்று சுற்றிவிட்டேன். அந்நிய வண்டியாக இருந்தால் நடந்திருப்பேன்.

முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்ததால் என் முகத்தை அவர்கள் பார்க்கவில்லை. டேப்பை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, பழைய வண்டி, வயர் நைந்துவிட்டது என்று பூசி மெழுகியிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒரு கணம் கைகூடப் போனது. நாலு மாதம் அந்த மனிதர் ராத்திரியெல்லாம் என்ன நினைத்துப் படுத்திருப்பார் என்று நினைத்தேன். கை நின்றுவிட்டது. எழுந்து, திரும்பி, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். கிளிப் உடைந்ததையும் சொன்னேன், இரண்டு தெரு நடக்காததையும் சொன்னேன்.

"இது என் வேலைதான் அத்தான். நான் பண்ணினதுதான்."

அக்காவின் முகம் சிவந்தது. கையில் கிடைத்ததைத் தூக்கி அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தரையில் கிடந்த சீட்டில் உட்கார்ந்தபடி அத்தான் என்னையே பார்த்தார், மஞ்சள் டேப்பைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அவர் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

"நீதானா? அப்பாடா. நான்தான்னு நினைச்சுட்டு இருந்தேன் மச்சான்."